கிராஃப் போட்டியில் இறங்குவது எப்படி: பிட்காயின் பணச்சலவையை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

நான் முதன்முதலில் கலந்துகொண்ட ஹேக்கத்தானில் எங்கள் குழு இரவெல்லாம் உட்கார்ந்து ஒரு பெரிய கிராஃப் படம் வரைந்தது. ஆயிரக்கணக்கான புள்ளிகள், நடுவே சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி கோடுகள், அதற்கு ஐந்து வண்ணம் வேறு. திரையில் போட்டதும் எங்களுக்கே பெருமையாக இருந்தது. நடுவராக வந்திருந்த ஓர் அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "நல்லா இருக்குப்பா. இதுல நாளைக்குக் காலைல பேங்க் எந்தக் கணக்கை முடக்கணும்?" என்று கேட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பரிசு யாருக்குப் போனது என்பதுகூட இப்போது நினைவில்லை, அந்தக் கேள்வி மட்டும் நிற்கிறது.

அதற்குப் பிறகு நான்கைந்து போட்டிகளில் தோற்றும் ஓரிரண்டில் தப்பித்தும் கற்றுக்கொண்டதை, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக்கூடிய ஓர் உண்மையான டேட்டாவை வைத்து வரிசையாகச் சொல்கிறேன். பைத்தான் ஓரளவு தெரிந்தால் போதும். கிராஃப் பற்றி எதுவுமே தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

முதலில் சொல் விஷயம். கிராஃப் என்றால் பள்ளிக்கூடத்தில் எக்ஸ், ஒய் அச்சு போட்டு வரைந்தது அல்ல. புள்ளி வைத்துக் கோடு இழுப்பது. பொருள்கள் புள்ளிகள், அவற்றுக்கு இடையே உள்ள உறவுகள் கோடுகள், அவ்வளவுதான். இந்தக் கட்டுரையில் கோடு என்றால் இழுக்கிற கோடுதான், கம்ப்யூட்டரில் எழுதுவதை புரோகிராம் என்றே சொல்கிறேன், இல்லையென்றால் நடுவில் குழம்பிவிடும்.

1. இது கிராஃப் பிரச்சினைதானா?

எல்லாவற்றையும் கிராஃபில் திணிக்கிற ஒரு வியாதி உண்டு, எனக்கும் இருந்தது. ஒரு கடையின் மாத விற்பனையைக் கணிக்க கிராஃப் வேண்டியதில்லை, எக்செல் போதும். கேட்கிற கேள்வியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "இந்தக் கணக்கில் எவ்வளவு பணம் வந்தது" என்பது ஒரு வரிசையைப் பற்றிய கேள்வி. "இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பியவனுக்குப் பணம் அனுப்பியவன் யார், அவனும் அந்தக் கம்பெனி முதலாளியும் ஒரே முகவரியைக் கொடுத்திருக்கிறார்களா" என்பது உறவைப் பற்றிய கேள்வி. கேள்விக்குள் இரண்டு மூன்று தாவல் இருந்து, எத்தனை தாவல் என்பதே முன்கூட்டித் தெரியாவிட்டால், அது கிராஃப்.

2016இல் வெளியான பனாமா பேப்பர்ஸ் இதற்கு நல்ல உதாரணம். 1.15 கோடி ஆவணங்கள், 2.6 டெராபைட். அந்த மலையில் யாருடைய பெயர் எந்த நிறுவனத்தோடும் எந்த இடைத்தரகரோடும் ஒட்டியிருக்கிறது என்று தேட, சர்வதேசப் புலனாய்வுப் பத்திரிகையாளர் கூட்டமைப்பு நியோ4ஜே என்ற கிராஃப் டேட்டாபேஸில் உறவுகளை ஏற்றி, லிங்குரியஸ் என்ற கருவியை அதன் மேல் வைத்தது. புரோகிராம் எழுதத் தெரியாத நிருபர்கள்கூட ஒரு பெயரை அமுக்கினால் அதைச் சுற்றியிருந்தவை விரிந்தன.

2. எந்த மாதிரிப் போட்டி?

கிராஃப் போட்டிகளை நான் மூன்று வகையாகப் பார்க்கிறேன், ஒவ்வொன்றுக்கும் தேவைப்படுகிற ஆள் வேறு.

முதல் வகையில் ஒரே டேட்டா, ஒரே மதிப்பெண், முதலிடம் யாருக்கு என்று பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கும். கேகிள் என்ற டேட்டா போட்டித் தளத்தில் நடப்பவையும், ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய ஓப்பன் கிராஃப் பெஞ்ச்மார்க்கும் இந்த ரகம். கேடிடி என்ற டேட்டா ஆய்வு மாநாட்டையொட்டி நடக்கிற கேடிடி கோப்பையில், 2021இல், அவர்கள் கொடுத்த ஒரு கிராஃபில் 24 கோடிக்கு மேல் புள்ளிகள். அதற்கெல்லாம் நல்ல ஜிபியு வேண்டும், கல்லூரி லேப்டாப்பை வைத்துக்கொண்டு போனால் மனசு உடைந்துதான் திரும்ப வேண்டும்.

இரண்டாவது, அல்காரிதம் எழுதுகிறவர்களின் மைதானம். பேஸ் சேலஞ்ச் ஒவ்வோர் ஆண்டும் ஒரு கடினமான கிராஃப் கணக்கைக் கொடுக்கிறது. 2019இல் வெர்டெக்ஸ் கவர் (எல்லாக் கோடுகளையும் தொடுகிற மிகக் குறைந்த புள்ளிகளைத் தேர்ந்தெடுப்பது), 2025இல் டாமினேட்டிங் செட் (மற்ற எல்லாப் புள்ளிக்கும் அண்டையாக இருக்கிற மிகக் குறைந்த புள்ளிகளைத் தேர்ந்தெடுப்பது). துல்லிய விடை கேட்கும் பிரிவில் ஒவ்வொரு கணக்குக்கும் அரை மணி நேரம்தான். இங்கே பணக்காரக் கம்ப்யூட்டர் உதவாது, மூளைதான் உதவும். சிக்கனமான போட்டி, எனக்குப் பிடித்ததும் இதுதான்.

மூன்றாவது, நடுவர்கள் முன்னால் நின்று பேசுகிற ஹேக்கத்தான். நம் ஊர் மாணவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது 2017இல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான். ஆறு பேர் குழு, அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும், சாஃப்ட்வேர் பிரிவின் இறுதிச் சுற்று 36 மணி நேரம். கிராஃபுக்கென்றே நடந்ததில் பெரியது, டைகர்கிராஃப் நிறுவனம் 2022இல் மொத்தம் 10 லட்சம் டாலர் பரிசு வைத்து நடத்திய 'கிராஃப் ஃபார் ஆல்'. அதில் இந்தப் பிரச்சினைதான் என்று கொடுக்கவில்லை, உலகத்தில் உள்ள எந்தப் பிரச்சினையையும் எடுத்துக்கொள்ளலாம். கேட்க இனிப்பாக இருக்கும், ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு இதைவிடக் கஷ்டமான விதி கிடையாது, ஏனென்றால் எதை எடுப்பது என்பதிலேயே பாதி நேரம் போய்விடும்.

3. மதிப்பெண் விதியை மூன்று முறை படியுங்கள்

இதை எல்லோரும் சொல்வார்கள், யாரும் செய்வதில்லை. எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2021இல் அமேசானும் எம்ஐடியும் சேர்ந்து நடத்திய டெலிவரிப் பாதைப் போட்டியைப் பாருங்கள்.

ஐந்து அமெரிக்க நகரப் பகுதிகளில் டிரைவர்கள் உண்மையில் ஓட்டிய 6,112 பாதைகளைக் கொடுத்தார்கள். வேனில் நூற்றைம்பது வீட்டுக்குப் பார்சல் இருக்கிறது, எந்த வரிசையில் போவது? பார்த்ததும் யாருக்கும் தோன்றுவது, மிகக் குறைந்த நேரத்தில் எல்லா வீட்டையும் சுற்றிவரும் பாதையைக் கண்டுபிடிக்கிற அந்தப் பழைய 'டிராவலிங் சேல்ஸ்மேன்' கணக்கு. ஆனால் மதிப்பெண் விதி அதைக் கேட்கவே இல்லை. அனுபவமுள்ள டிரைவர் போன வரிசைக்கு உங்கள் வரிசை எவ்வளவு நெருக்கம் என்றுதான் கேட்டது. டிரைவருக்கு எந்தத் தெருவில் வண்டி நிறுத்த முடியும், எந்தச் சந்தில் போனால் திரும்ப முடியாது என்றெல்லாம் தெரியும், அதை மேப் சொல்லாது.

முதல் பரிசான ஒரு லட்சம் டாலரை வாங்கியவர்கள் வில்லியம் குக், ஸ்டெஃபான் ஹெல்ட், கெல்ட் ஹெல்ஸ்கான். மூன்று பேருமே இந்தச் சுற்றுப்பாதைக் கணக்குகளில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? டேட்டாவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மண்டல எண் ஒட்டியிருந்தது. டிரைவர்கள் பெரும்பாலும் ஒரு மண்டலத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறார்கள், மண்டலங்களையும் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில்தான் எடுக்கிறார்கள் என்பதைக் கவனித்து, அதையெல்லாம் கட்டுப்பாடுகளாகப் பழைய தேடல் முறைக்குள் நுழைத்தார்கள். கவனித்ததுதான் அவர்களுடைய புது விஷயம், தேடுகிற இயந்திரம் ஏற்கெனவே கையில் இருந்தது.

4. டேட்டாவை இறக்கி, கையால் தொட்டுப் பாருங்கள்

சரி, இப்போது நம் சொந்தப் பயிற்சி. லண்டனில் உள்ள எலிப்டிக் என்ற நிறுவனம் 2019இல் ஒரு பிட்காயின் டேட்டாவை வெளியிட்டது. கேகிளில் இலவசமாகக் கிடைக்கிறது. கேள்வி நேரடியானது: எந்தப் பரிவர்த்தனை திருட்டுப் பணம், எது நல்ல பணம்?

மூன்று சிஎஸ்வி கோப்புகள் இருக்கும். ஒன்றில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 166 ஃபீச்சர்கள், அதாவது அதை விவரிக்கிற எண்கள். அதற்குத் தலைப்பு வரி கிடையாது, கவனிக்காமல் திறந்தால் முதல் பரிவர்த்தனையே தலைப்பாகப் போய்விடும், நான் அப்படி ஒன்றைத் தொலைத்துவிட்டு அரை நாள் தேடினேன். முதல் நெடுவரிசை பரிவர்த்தனையின் எண், இரண்டாவது நெடுவரிசை காலப்படி, அதாவது எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று சொல்கிற எண். இன்னொரு கோப்பில் கோடுகள்: இந்தப் பரிவர்த்தனையிலிருந்து அந்தப் பரிவர்த்தனைக்குப் பணம் போனது. மூன்றாவதில் பெயர்ச்சீட்டு: 1 என்றால் சட்டவிரோதம், 2 என்றால் சட்டபூர்வம், மற்றவை தெரியாது.

எண்ணிப் பாருங்கள், 2,03,769 புள்ளிகள், 2,34,355 கோடுகள் வர வேண்டும். 4,545 புள்ளிகள் சட்டவிரோதம், 42,019 சட்டபூர்வம், மீதி 1,57,205 யாருக்கும் தெரியாது. இந்த எண்கள் வராவிட்டால் மேலே போகாதீர்கள், எங்கேயோ ஓட்டை இருக்கிறது.

அடுத்த சோதனை இதைவிட நல்லது. இந்த டேட்டாவில் 49 காலப்படிகள், ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒன்று. ஒரு காலப்படிக்குள் இருக்கிற பரிவர்த்தனைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியவை, ஒரு காலப்படியிலிருந்து இன்னொன்றுக்குக் கோடே கிடையாது. அதாவது திசையை மறந்துவிட்டு இணைந்த துண்டுகளை எண்ணினால் சரியாக 49 வர வேண்டும். கிராஃபுக்கான பைத்தான் நூலகமான நெட்வொர்க்எக்ஸில் இது ஒரே வரி. 50 வந்தால் தலைப்பு வரியையோ எண்ணின் வகையையோ பார்க்கவும் (எண்ணை ஒரு கோப்பில் எழுத்தாகவும் இன்னொன்றில் எண்ணாகவும் படித்திருப்பீர்கள், இது பாண்டாஸ் பழகுகிற எல்லோருக்கும் ஒருமுறை நடக்கும்).

அப்புறம், கோடுகளைப் புள்ளிகளால் வகுத்தால் 1.15தான். அவ்வளவு மெலிந்த கிராஃப், கிட்டத்தட்ட மரம் மாதிரி கிளைவிட்டுப் போகிறது. 'என் நண்பனின் நண்பன் எனக்கும் நண்பன்' என்கிற முக்கோணங்களை வைத்து வேலை செய்கிற சமூக வலைத்தள முறைகள் இங்கே அதிகம் எடுபடாது என்பது இந்த ஒரு வகுத்தலிலேயே தெரிந்துவிடும்.

5. எது புள்ளி, எது கோடு

போட்டியில் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நிற்கலாம்.

எலிப்டிக் டேட்டாவில் புள்ளி என்பது பரிவர்த்தனை. ஆள் இல்லை, வாலட்டும் (பிட்காயின் வைத்திருக்கிற கணக்கு மாதிரி) இல்லை. வேறு மாதிரியும் வைத்திருக்கலாம், வாலட்டைப் புள்ளியாகவும் பணம் போவதைக் கோடாகவும் வைத்தால் 'யார்' என்று கேட்கலாம். 2023இல் வந்த எலிப்டிக்++ என்ற விரிவாக்கத்தில் எட்டு லட்சத்துக்கு மேல் வாலட் முகவரிகளையும் சேர்த்தார்கள், காரணம் இதுதான். எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமோ அந்தக் கேள்வியின் எழுவாய் புள்ளியாக வேண்டும். 'எந்தக் கணக்கை முடக்க வேண்டும்' என்று கேட்கிறார்கள் என்றால் கணக்குதான் புள்ளி.

ஹேக்கத்தானில் உங்கள் சொந்த டேட்டாவைக் கொண்டுபோகும்போது இரண்டு பள்ளங்கள் காத்திருக்கும். ஒன்று, எல்லோரையும் எல்லோரோடும் ஒட்டிவிடுகிற புள்ளி. கடன் மோசடியைக் கண்டுபிடிக்க ஆள், போன் நம்பர், முகவரி, பின்கோடு எல்லாவற்றையும் புள்ளியாக வைத்துவிட்டால், பின்கோடு வழியாக ஓர் ஊரே இரண்டு தாவலில் உறவாகிவிடும். ஒரே ரேஷன் கடை வரிசையில் நின்றார்கள் என்பதற்காக இருவரும் கூட்டாளிகள் ஆக மாட்டார்கள். ஐந்து பேர் ஒரே போன் நம்பரைக் கொடுத்திருந்தால் அது விஷயம், ஐயாயிரம் பேர் ஒரே பின்கோடு என்றால் அது ஊர். ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை கோடு என்று எண்ணி, மேலே உள்ள இருபதைக் கண்ணால் பாருங்கள். அதில் பாதியைப் புள்ளியாக வைக்காமல், ஒரு நெடுவரிசையாக ஒதுக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, ஒரே ஆள் நான்கு புள்ளியாக நிற்பது. நம் பெயர்களில் இது பெரிய தலைவலி. கே. முருகன், முருகன் கே., முருகன் கந்தசாமி, ஆங்கில எழுத்தில் 'ஜி' போட்டும் 'ஹெச்' சேர்த்தும் எழுதிய முருகன் எல்லாம் ஒரே ஆளாக இருக்கலாம், நான்கு ஆளாகவும் இருக்கலாம். பெயரை மட்டும் வைத்து இணைக்காதீர்கள், பெயரோடு பிறந்த தேதியோ போன் நம்பரோ ஒத்துப்போனால் மட்டும் இணையுங்கள். தவறாக இரண்டு பேரை ஒட்டிவிட்டால் பிரிப்பது பெரும்பாடு, ஒட்டாமல் விட்டதைப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.

திசையையும் மறக்க வேண்டாம். பணம் எங்கிருந்து எங்கே என்பதைத் தூக்கி எறிந்துவிட்டால், நிறைய இடத்திலிருந்து வாங்கி ஒரே இடத்தில் குவிப்பவனும், ஒரே இடத்திலிருந்து வாங்கி நிறையப் பேருக்குப் பிரிப்பவனும் ஒரே மாதிரி தெரிவார்கள். பணச்சலவையின் அடிப்படை அசைவுகளே இவை இரண்டுதான். பான் கார்டு கேட்பார்கள் என்று ஐம்பதாயிரத்துக்குக் கீழே நாற்பத்தொன்பது நாற்பத்தொன்பதாக வெவ்வேறு பெயரில் கட்டுகிற கதை உங்களுக்குத் தெரிந்ததுதானே, அதைக் கிராஃபில் வரைந்தால் விசிறி மாதிரி விரிந்து மறுபடி ஒரு புள்ளியில் மூடும்.

6. கருவி எது?

இதில் அதிக நேரம் செலவழிக்காதீர்கள். இரண்டு லட்சம் புள்ளி என்றால் நெட்வொர்க்எக்ஸ் தாராளம். 2006இல் டிமாக்ஸ் போட்டிக்காக வெளியிட்ட அமெரிக்கச் சாலை வலைப்பின்னலில் 2,39,47,347 புள்ளிகள், அதை நெட்வொர்க்எக்ஸில் ஏற்றினால் சாதாரண லேப்டாப் மூச்சுத் திணறும், அங்கே ஐகிராஃப் மாதிரி உள்ளே சி மொழியில் எழுதியது வேண்டும். பலர் ஒரே நேரத்தில் தேட வேண்டும், டேட்டா வந்துகொண்டே இருக்கும், செயலி மாதிரி காட்ட வேண்டும் என்றால்தான் நியோ4ஜே, டைகர்கிராஃப் போன்ற டேட்டாபேஸ். மாடல் (டேட்டாவிலிருந்து கற்றுக்கொண்டு கணிக்கிற புரோகிராம்) பயிற்சிக்கு மட்டும் டேட்டாபேஸ் அமைப்பது, தோசை ஒன்று சுட கிரைண்டர் வாங்குகிற வேலை.

7. காலத்தை வைத்துப் பிரியுங்கள்

பயிற்சிக்கு எவ்வளவு, சோதனைக்கு எவ்வளவு என்று பிரிக்கும்போது எல்லோரும் குலுக்கிப்போட்டு 80-20 எடுப்பார்கள். இங்கே அது தப்பு. குலுக்கினால் ஒரே காலப்படியில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளில் ஒன்று பயிற்சியிலும் ஒன்று சோதனையிலும் விழும், பரீட்சைக்கு முன்பே கேள்வித்தாள் கிடைத்த மாதிரி. மதிப்பெண் அள்ளும், நிஜத்தில் ஒன்றும் தேறாது. முதல் 34 காலப்படி பயிற்சி, 35 முதல் 49 வரை சோதனை. டேட்டாவை வெளியிட்டவர்களின் ஆய்வுக் கட்டுரையிலும் இப்படித்தான் பிரித்தார்கள்.

அப்படிப் பிரித்தால் சோதனைப் பகுதியில் சீட்டு ஒட்டிய பரிவர்த்தனைகள் 16,670, அதில் சட்டவிரோதம் 1,083. இப்போது ஒரு சோம்பேறி மாடலைக் கற்பனை செய்யுங்கள், எதைக் கேட்டாலும் 'நல்ல பணம்' என்று சொல்லும். அது 93.5 சதவீதம் சரி! இதனால்தான் 'துல்லியம் 95 சதவீதம்' என்று யாராவது ஸ்லைடில் போட்டால் விவரம் தெரிந்த நடுவர் சிரிப்பார். சட்டவிரோதப் பிரிவுக்கு மட்டும் எஃப்1 மதிப்பெண் போடுங்கள். திருடர்களில் எத்தனை பேரைப் பிடித்தீர்கள், பிடித்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் திருடர்கள், இரண்டையும் சேர்த்துச் சொல்வது அது.

அந்த 1,57,205 'தெரியாது' புள்ளிகளை நல்லது என்று எழுதிவிடாதீர்கள். தூக்கியும் எறியாதீர்கள், அவற்றை எடுத்தால் கிராஃப் துண்டு துண்டாகிவிடும். சீட்டு இல்லாவிட்டாலும் அண்டை வீட்டுக்காரராக அவற்றுக்கு வேலை இருக்கிறது.

8. முதலில் கிராஃப் இல்லாமல் ஓட்டுங்கள்

கிராஃப் போட்டியில் கிராஃப் இல்லாமலா என்று கேட்பீர்கள். ஆமாம். 166 ஃபீச்சர்களில் முதல் 94 அந்தப் பரிவர்த்தனையைப் பற்றியவை மட்டும்: காலப்படி, கட்டணம், எத்தனை உள்ளீடு வெளியீடு, இப்படி. ஒவ்வொன்றும் எது என்று பெயர் சொல்லாமல் மறைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். இந்த 94ஐ மட்டும் எடுத்து ஒரு ரேண்டம் ஃபாரஸ்ட் (கேள்வி கேட்டுக் கிளைபிரிகிற பல முடிவு மரங்களை ஓட்டுப் போட வைத்து விடை சொல்கிற மாடல்) ஓட்டுங்கள், ஐம்பது மரம் போதும், டீ குடித்து வருவதற்குள் முடிந்துவிடும்.

ஆய்வுக் கட்டுரையில் இதற்கு வந்த எஃப்1 0.694. மீதி 72 ஃபீச்சர்கள், ஒரு தாவல் தூரத்தில் உள்ள அண்டைப் பரிவர்த்தனைகளின் அதிகபட்சம், குறைந்தபட்சம், விலகல் போன்றவை. அவற்றைச் சேர்த்து அதே ரேண்டம் ஃபாரஸ்டை ஓட்டினால் 0.788. கவனியுங்கள், மாடல் மாறவில்லை, பக்கத்து வீட்டைப் பற்றிய தகவல் சில நெடுவரிசையாக உள்ளே வந்தது, அவ்வளவுதான். கிராஃபின் பலன் முழுசாகத் தெரிகிற இடம் இது.

அதே கட்டுரையில் கிராஃப் கன்வல்யூஷன் நெட்வொர்க், அதாவது கிராஃபுக்கென்றே செய்த நியூரல் நெட்வொர்க், எடுத்தது 0.628. ஆமாம், குறைவு. புதிய பெயருள்ள மாடலை முதல் நாளே எடுத்துக்கொண்டு, அது சரியாக ஓடவே இரண்டு நாள் ஆகி, கடைசியில் ரேண்டம் ஃபாரஸ்டிடம் தோற்கிற குழுக்களை நான் ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கிறேன், ஒருமுறை அது நாங்களே. அந்த நியூரல் நெட்வொர்க் கற்றுக்கொண்ட எம்பெடிங்குகளை (ஒவ்வொரு புள்ளிக்கும் அது உருவாக்கிய எண் வரிசைகளை) எடுத்து ரேண்டம் ஃபாரஸ்டுக்கே கூடுதல் ஃபீச்சராகக் கொடுத்தபோது 0.796 வந்தது. 0.788க்கும் 0.796க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத் துள்ளிக் குதிக்க வேண்டாம். உங்கள் கையில் இப்படி ஒரு வித்தியாசம் வந்தால் ரேண்டம் சீடை (குலுக்கலைத் தொடங்கிவைக்கிற எண்ணை) மாற்றி ஐந்து முறை ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

எண்ணாகவே வைத்துக்கொண்டால் நடுவருக்குப் புரியாது, ஆட்களாக மாற்றுங்கள். 0.788 எடுத்த மாடல் திருட்டில் 67 சதவீதத்தைப் பிடிக்கிறது, அதாவது 1,083இல் சுமார் 726. அதற்காக அது கைகாட்டியது மொத்தம் சுமார் 759. ஆக முப்பத்துச் சொச்சம் நல்ல பரிவர்த்தனைகள் மாட்டிக்கொண்டன, முந்நூற்று ஐம்பதுக்கு மேல் திருட்டு தப்பித்தது. 'உங்கள் அதிகாரிகள் 759 கோப்பைத் திறந்தால் 726இல் விஷயம் இருக்கும்' என்று சொன்னால் பேங்க்காரர் நிமிர்ந்து உட்காருவார்.

9. உங்கள் சொந்த ஃபீச்சர்கள்

இனிமேல்தான் போட்டி. நான் சேர்க்கிற வரிசையைச் சொல்கிறேன், இதுவே சரி என்று இல்லை. முதலில் உள்ளே வரும் கோடுகள், வெளியே போகும் கோடுகள், இரண்டின் விகிதம். பிறகு இரண்டு தாவல் தூரத்தில் எத்தனை புள்ளிகள். பிறகு ஒவ்வொரு காலப்படிக்குள்ளும் தனியாக பேஜ்ரேங்க் (முக்கியமான புள்ளிகளிலிருந்து கோடு வருகிற புள்ளிக்கு அதிக மதிப்புக் கொடுக்கிற முறை), ஒருமுறை நேராக, ஒருமுறை எல்லாக் கோடுகளின் திசையையும் திருப்பிவைத்து. நேராக ஓட்டினால் பணம் எங்கே சேருகிறது என்றும், திருப்பினால் எங்கிருந்து கிளம்புகிறது என்றும் ஒரு வாசனை கிடைக்கும். கடைசியாக, பிரிந்து மறுபடி ஒரே புள்ளியில் சேருகிற விசிறிகளை எண்ணுவது: ஒரு புள்ளியிலிருந்து இரண்டு தாவலில் இன்னொரு புள்ளிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஒரு நேரத்தில் ஒன்றுதான். சேர், ஓட்டு, எழுதி வை. ஏறினால் வைத்துக்கொள், ஏறாவிட்டால் தூக்கு. ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும், ஆனால் எழுதாவிட்டால் விடிகாலை மூன்று மணிக்கு எந்த ஃபீச்சரால் மதிப்பெண் ஏறியது என்று குழுவுக்குள் சண்டை வரும்.

ஒரு பெரிய ஆபத்து. 'அண்டைப் புள்ளிகளில் எத்தனை சட்டவிரோதம்' என்று ஒரு ஃபீச்சர் போடலாமே என்று கண்டிப்பாகத் தோன்றும், மதிப்பெண்ணும் எகிறும். ஆனால் சோதனைக் காலத்தில் அந்தச் சீட்டுகள் உங்களிடம் இருக்காது, காலப்படிகளுக்கு இடையே கோடு இல்லாததால் பழைய சீட்டும் புதிய புள்ளிக்கு வந்து சேராது. அது விடைத்தாளைப் பார்த்து எழுதியதுதான். மதிப்பெண் திடீரென்று கிடுகிடுவென்று ஏறினால் சந்தோஷப்படுவதற்கு முன் இதைத் தேடுங்கள்.

10. 43ஆவது காலப்படி

மொத்த எஃப்1ஐ மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு காலப்படிக்கும் தனியாகப் போட்டு ஒரு படம் வரையுங்கள். 42 வரை பரவாயில்லாமல் போகும் கோடு 43இல் தடாலென்று விழும், அதற்குப் பிறகு எழுந்திருக்கவே செய்யாது. ரேண்டம் ஃபாரஸ்ட், நியூரல் நெட்வொர்க் எதுவாக இருந்தாலும் கதி ஒன்றுதான். அந்த நேரத்தில் ஒரு பெரிய கள்ளச்சந்தை திடீரென்று மூடப்பட்டது. அதுவரை மாடல் கற்றிருந்த திருட்டு எல்லாம் பழைய திருட்டு, திருடர்கள் வழியை மாற்றிக்கொண்டார்கள்.

நிறையப் பேர் இந்தப் படத்தை ஒளித்துவிடுவார்கள், சராசரியை மட்டும் காட்டுவார்கள். நான் இதைத்தான் முதல் ஸ்லைடில் போடச் சொல்வேன். 43ஐச் சரிசெய்ய முழு வழி எனக்கும் தெரியாது, ஆனால் செய்து பார்க்க இரண்டு உண்டு: ஒவ்வொரு காலப்படி முடிந்ததும் புதிதாகக் கிடைத்த சீட்டுகளைச் சேர்த்து மறுபடி பயிற்சி கொடுப்பது, அல்லது பழைய காலப்படிகளுக்கு எடையைக் குறைப்பது. இரண்டையும் செய்து, எவ்வளவு மீண்டது என்று அதே படத்தில் இன்னொரு கோடாகக் காட்டுங்கள்.

11. காட்டுவது

என் முதல் ஹேக்கத்தான் படத்துக்குத் திரும்புகிறேன். இரண்டு லட்சம் புள்ளியையும் திரையில் போடாதீர்கள். மாடல் கைகாட்டியதில் ஒன்றே ஒன்றை எடுங்கள், அதைச் சுற்றி இரண்டு தாவல் மட்டும், இருபது முப்பது புள்ளிக்கு மேல் போகாமல். பணம் இடமிருந்து வலம் போகிற மாதிரி அடுக்குங்கள். பிறகு விரலை வைத்து, 'இங்கே பதினோரு இடத்திலிருந்து வருகிறது, இங்கே சேருகிறது, மூன்று மணி நேரத்துக்குள் மறுபடி பிரிகிறது, அதனால் இதைச் சந்தேகப்படுகிறோம்' என்று ஒரு நிமிடம் பேசினால் போதும். மாடல் தவறாகப் பிடித்த ஒன்றையும் அதே மாதிரி காட்டுங்கள். அந்த முப்பத்துச் சொச்சத்தில் ஒன்று ஏன் மாட்டியது என்று நீங்களே சொல்லிவிட்டால் நடுவர் அதைக் கேட்டு மடக்க முடியாது.

36 மணி நேரப் போட்டி என்றால் என் கணக்கு இப்படி: முதல் ஆறு மணி நேரம் டேட்டாவும் புள்ளி-கோடு முடிவும், அதுவரை யாரும் மாடல் பக்கம் போகக் கூடாது. பத்தாவது மணிக்குள் எளிய மாடல் ஒன்று முழுசாக ஓடி மதிப்பெண் வந்திருக்க வேண்டும். இருபத்தைந்து வரை ஃபீச்சர்கள். அதற்குப் பிறகு புதிதாக எதையும் தொடாமல் படம், பேச்சு, தூக்கம். தூக்கத்தை விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மேடையில் பேசப் போகிறவர் நான்கு மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும்.

கடைசி இரண்டு மணி நேரத்தில், குழுவில் இதுவரை புரோகிராமைத் தொடாத ஒருவரின் லேப்டாப்பில் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் வாயைத் திறக்காதீர்கள். பத்து நிமிடத்துக்குள் எங்காவது நிற்கும். பெரும்பாலும் கோப்பின் பாதையில் உங்கள் பெயர் இருக்கும்.